காப்பகத்துக்கு முதலில் வேண்டியது ஒரு தனி அறை



இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் இரவு சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படியுங்கள். பாதி படித்துவிட்டு "டீச்சருக்கு மனசே இல்லை" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

போன வாரம் நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வேண்டுகோள் வந்தது. என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பெண் ஒருத்தி தன் சொந்தச் செலவில் பூனைக் காப்பகம் நடத்துகிறாள். அங்கே பத்துப் பன்னிரண்டு நாட்களில் குட்டிகள் வரிசையாக இறந்துபோயின. "இடம் நெருக்கடி, அதனால்தான் நோய் பரவிவிட்டது. பெரிய கொட்டகை போட்டால் இன்னும் நிறைய பூனைகளைக் காப்பாற்றலாம், உதவுங்கள்" என்று எழுதியிருந்தாள். கீழே அட்டைப்பெட்டியில் சுருண்டு கிடக்கும் குட்டிகளின் படம். உங்களில் பலர் உடனே பணம் அனுப்பினீர்கள். நல்ல மனசு.

நான் மட்டும் ஒரு வரி எழுதினேன்: "கொட்டகைக்கு நான் தரமாட்டேன். தனி அறை கட்டுவதாக இருந்தால் என் ஒரு மாத ஓய்வூதியத்தைத் தருகிறேன்."

அதற்குப் பிறகு குழுவே அமைதியாகிவிட்டது. இரண்டு பேர் தனியாகக் கூப்பிட்டு, "டீச்சர், நீங்களா இப்படி எழுதினீங்க? அவ ரொம்ப அழுதுட்டா" என்றார்கள். அவள் அழுதது எனக்கும் கஷ்டம்தான். அதனால்தான் காரணத்தை முழுசாக எழுதுகிறேன். அவள் மேல் குறை சொல்வதற்காக அல்ல. அவள் செய்த தவறை அவளுக்கு முன்பே நான் செய்திருக்கிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் ஒரு பூனை மூன்று குட்டி போட்டது. நான்தான் பால்சோறு வைத்து வளர்த்தேன். இரண்டு மாதம் ஆனதும் மூன்றும் திரைச்சீலையில் ஏற ஆரம்பித்தன. முழங்கால் வலியோடு அவற்றின் பின்னால் ஓட என்னால் முடியவில்லை. பஸ்ஸில் ஒரு மணி நேரத் தொலைவில் ஒரு காப்பகம் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, கூடையில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கிருந்த பெண் "தடுப்பூசி போட்டாச்சாம்மா?" என்று கேட்டாள். "வீட்டுப் பூனைதானேம்மா, அதுக்கு என்ன வரப்போகுது" என்றேன். அவளும் சிரித்துக்கொண்டே மூன்றையும் வாங்கி, மற்றக் குட்டிகள் விளையாடிக்கொண்டிருந்த அறையில் விட்டாள். ஒரே நிமிஷத்தில் எல்லாம் ஒன்றோடொன்று புரண்டு விளையாட ஆரம்பித்தன. அதைப் பார்த்து மனசு நிறைந்து வீட்டுக்கு வந்தேன்.

ஆறாவது நாள் போன் வந்தது. என் குட்டிகளில் ஒன்று தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, ஆனால் குடிக்கவில்லை என்றாள். மறுநாள் வாந்தி, அடுத்து பேதி. அதற்கடுத்த நாள் இன்னும் நான்கு குட்டிகளுக்கு அதே மாதிரி. இரண்டு வாரத்துக்குள் என் மூன்றும் சேர்த்துப் பத்தொன்பது குட்டிகள் போய்விட்டன.

இடையில் இன்னொரு கொடுமையும் நடந்தது. முந்தின நாள் சாயங்காலம் ஓடி விளையாடிய குட்டி மறுநாள் காலையில் விறைத்துக் கிடந்தால் நம் ஊரில் என்ன சொல்வோம்? "யாரோ விஷம் வச்சுட்டாங்க." பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர். நாற்றம் வருகிறது என்று முன்பு ஓரிரு தடவை சத்தம் போட்டவர். எல்லாரும் அவர் வாசலில் போய் நின்று கத்தினார்கள். அன்று நானும் அங்கே இருந்தேன். கத்தவில்லை, ஆனால் நம்பினேன்.

பிறகு கால்நடை மருத்துவர் வந்து பார்த்தார். நாய்களுக்குப் பார்வோ நோய் பார்க்கும் சின்ன அட்டைப் பரிசோதனை ஒன்று உண்டு. அதிலேயே ஒரு குட்டியின் மலத்தைப் பரிசோதித்தார். இரண்டு கோடு விழுந்தது. "இது விஷம் இல்லைங்க, வைரஸ். பூனைக்கு வர்ற பேன்லுகோபீனியா" என்றார். அந்தப் பெரியவரிடம் மறுநாளே போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லம்மா" என்றார். அவர் மனைவி உள்ளேயிருந்து வெளியே வரவேயில்லை.

என் குட்டிகள்தான் அந்த நோயைக் கொண்டுபோயினவா, அங்கே முன்பே இருந்த நோய் என் குட்டிகளைப் பிடித்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒன்று மட்டும் தெரியும். அன்று அவற்றை இரண்டு வாரம் தனி அறையில் வைத்திருந்தால், இரண்டில் எது உண்மையாக இருந்திருந்தாலும் இத்தனை உயிர் போயிருக்காது.

அதன் பிறகு இந்த நோயைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன், மருத்துவரிடமும் கேட்டேன். உங்களுக்குப் பயன்படும் என்பதால் பாடம் மாதிரியே சொல்கிறேன்.

பேன்லுகோபீனியா என்றால் வெள்ளை அணுக்கள் எல்லாமே குறைந்துபோதல் என்று பொருள். இது வைரஸால் வருகிறது என்று 1928-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். பார்வோ வைரஸ் குடும்பம். 1978-ல் உலகமெங்கும் நாய்க்குட்டிகளைக் கொல்ல ஆரம்பித்த பார்வோ நோய் நினைவிருக்கிறதா? அந்த வைரஸ் இந்தப் பூனை வைரஸின் வகையிலிருந்து கிளைத்ததுதான். உடம்பில் வேகமாகப் பெருகும் செல்களைத்தான் இது தாக்கும். குடலின் உள்தோல் அப்படிப்பட்டது, எலும்பு மஜ்ஜை அப்படிப்பட்டது. குடல் புண்ணாகி வாந்தி பேதி வருகிறது. எலும்பு மஜ்ஜை பாதித்து வெள்ளை அணு குறைகிறது. கோட்டை மதிலும் இடிந்து காவலாளிகளும் இல்லாமல் போனால் என்ன ஆகும்? குடலில் இருக்கும் சாதாரணக் கிருமிகளே ரத்தத்தில் கலந்து ஆளை முடித்துவிடும். வைரஸைக் கொல்வதற்கென்று நேரடி மருந்து கிடையாது. ட்ரிப்ஸ் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, கதகதப்பாக வைத்து, அது தானே போராடி ஜெயிக்க நேரம் வாங்கித் தருவதுதான் சிகிச்சை. சிகிச்சை இல்லாத சின்னக் குட்டிகளில் பெரும்பாலானவை பிழைப்பதில்லை.

மனிதருக்கு இது ஒட்டாது. அந்தப் பயம் வேண்டாம். ஆனால் மனிதர் மூலம் பரவும். நம் கை, சேலை முந்தானை, செருப்பு, சாப்பாட்டுத் தட்டு, துடைத்த துணி, மண் தட்டு எல்லாமே வாகனம்தான்.

இன்னும் மூன்று விஷயங்களை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, வைரஸ் உடம்பில் புகுந்து நோய் வெளியே தெரிய இரண்டு நாளிலிருந்து இரண்டு வாரம் வரை ஆகலாம். அறிகுறி தெரிவதற்கு முன்பே பூனை நோயைப் பரப்ப ஆரம்பித்துவிடும். அதனால் "பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறது" என்ற வார்த்தைக்கு இங்கே மதிப்பே இல்லை. என் குட்டிகளும் பார்க்க நன்றாகத்தான் இருந்தன.

இரண்டு, இந்த வைரஸ் அழுத்தமானது. அறையின் சாதாரண வெப்பத்தில் ஒரு வருஷம் வரைகூடத் தாங்கும். கொரோனா காலத்தில் நாம் கையில் தேய்த்துக்கொண்ட சானிடைசருக்கு இது அசையாது. சோப்பு கழுவித் தள்ளுமே தவிரக் கொல்லாது. வீட்டில் ஊற்றும் பினாயிலையும் நம்ப முடியாது. அதோடு பினாயில் பூனைக்கே விஷம். மற்ற மிருகங்களைப் போல அதை உடம்பிலிருந்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு இல்லை. சுத்தம் செய்வதாக நினைத்துப் பினாயில் ஊற்றிய காப்பகங்கள் எத்தனையோ. துணி வெளுக்கும் பிளீச் திரவம்தான் இதற்குச் சரி. முதலில் அழுக்கை சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி கணக்கில் பிளீச் கலந்து, பத்து நிமிஷம் ஈரமாகவே விட்டு, நன்றாக அலசிக் காயவிட வேண்டும். அழுக்கின் மேல் அப்படியே ஊற்றினால் பலன் இல்லை. மண் தரை, மரப்பலகை, பழைய சோபா, கோணிச்சாக்கு இவற்றை எந்த மருந்தாலும் முழுசாகச் சுத்தம் செய்ய முடியாது.

மூன்று, இதற்கு அருமையான தடுப்பூசி இருக்கிறது. மூன்று நோய்களுக்குச் சேர்த்துப் போடும் ஊசியிலேயே இதுவும் அடங்கும். ஆனால் குட்டிகளுக்கு ஒரு தடவை போட்டால் போதாது. தாய்ப்பால் வழியாக வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும்வரை அது ஊசி மருந்தையும் சேர்த்தே அழித்துவிடும். அந்தச் சக்தி எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் காப்பகக் குட்டிகளுக்கு நாலு முதல் ஆறு வார வயதில் ஆரம்பித்து, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஐந்து மாத வயது வரை திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறார்கள். பெரிய பூனைக்கு வாசலில் நுழையும்போதே போட வேண்டும். "அடுத்த வாரம் டாக்டர் வரும்போது போடலாம்" என்றால் அந்த ஒரு வாரம் போதும், நோய்க்கு.

சரி, இப்போது கொட்டகைக்கு வருகிறேன். "இடம் பெரிசானால் நெருக்கடி குறையும்தானே டீச்சர்?" என்று கேட்டீர்கள். கேட்க நியாயமாக இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஒரு காப்பகத்துக்கு நாளுக்கு ஒரு பூனை வருகிறது. ஒவ்வொன்றும் சராசரியாக 20 நாள் தங்கி, யாராவது வளர்க்க எடுத்துப் போகிறார்கள். எந்த நாளில் எண்ணினாலும் அங்கே எத்தனை பூனை இருக்கும்? இருபது. அதே பூனைகள் 40 நாள் தங்கினால்? நாற்பது. வருவது ஒன்றுதான், தங்கும் நாள்தான் மாறியிருக்கிறது. கூட்டத்தைத் தீர்மானிப்பது கொட்டகையின் அளவு இல்லை. தங்கும் நாள்தான்.

இன்னொரு கணக்கு. பத்துப் பேர் இருக்கும் அறையில் ஒவ்வொருவரும் மற்ற எல்லாரோடும் ஒருமுறை கை குலுக்கினால் மொத்தம் 45 கைகுலுக்கல். இருபது பேர் என்றால்? இரட்டிப்பாகத் தொண்ணூறு என்று சொல்லாதீர்கள். 190. பூனை இரண்டு மடங்கானால் நோய் தாவும் வழி நாலு மடங்குக்கு மேல்.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். கூட்டம் அதிகமானால் பூனைகளுக்கு மன அழுத்தம். பூனைக்கு வரும் சளிக் காய்ச்சலில் ஒரு ஹெர்ப்பஸ் வைரஸ் உண்டு. ஒருமுறை வந்தால் பெரும்பாலான பூனைகளின் உடம்பில் ஆயுள் முழுக்க ஒளிந்திருக்கும். அழுத்தம் வந்தால் திரும்ப எழும்பும். கண்ணில் பீளை, மூக்கில் சளியோடு இருக்கும் பூனையை யார் எடுத்துப் போவார்கள்? அது இன்னும் ஒரு மாதம் தங்கும். கூட்டம் இன்னும் கூடும். அழுத்தம் கூடும். நோய் கூடும். இந்தச் சக்கரத்தில் பேன்லுகோபீனியா மாதிரி ஒன்று நுழைந்தால் கேட்கவே வேண்டாம். பெரிய கொட்டகை போட்டால் மூன்று மாதம் தாராளமாக இருக்கும். "இடம் இருக்கே" என்று மனசு இளகி இன்னும் இருபதை எடுப்போம். நாலாவது மாதம் அதே நெருக்கடி. ஆனால் இப்போது கையில் எண்பது பூனை, பார்த்துக்கொள்ள அதே இரண்டு பேர்.

இது வெறும் ஏழைக் காப்பகங்களின் பிரச்சினையும் அல்ல. பணக்கார ஊரிலும் நடந்திருக்கிறது. 2016 டிசம்பரில் நியூயார்க் நகரக் காப்பகங்களில் பூனைகளுக்குத் தும்மலும் இருமலுமாக வந்தது. முதலில் மன்ஹாட்டனில் உள்ள காப்பகத்தில்தான் கண்டுபிடித்தார்கள். காப்பகத்தில் பூனை தும்முவது புதுசா என்ன? ஆனால் இந்தத் தும்மல் வழக்கமான மாதிரி இல்லை என்று அங்கே ஒரு சந்தேகம். மாதிரி எடுத்து விஸ்கான்சின் மாநிலத்துக்கு அனுப்பினார்கள். வந்த முடிவு எல்லாரையும் தூக்கிவாரிப் போட்டது. எச்7என்2 என்ற பறவைக் காய்ச்சல் வைரஸ். ஒரு காலத்தில் அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதிக் கோழிச் சந்தைகளில் சுற்றிக்கொண்டிருந்து, பிறகு பத்து வருஷமாகக் கண்ணில் படாமல் போன வைரஸ், பூனைகளின் மூக்கில் வந்து உட்கார்ந்திருந்தது. மாதிரி எடுத்த கால்நடை மருத்துவர் ஒருவருக்கும் தொற்றியது. நல்ல வேளையாக லேசாக வந்து போய்விட்டது. பூனையிடமிருந்து மனிதருக்கு இந்தக் காய்ச்சல் தொற்றியதாகப் பதிவானது அதுதான் முதல்முறை.

அவர்கள் என்ன செய்தார்கள்? அந்த அளவு பயத்துக்கு "எல்லாவற்றையும் கொன்றுவிடலாம்" என்று முடிவெடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. பூனைகளைத் தத்துக் கொடுப்பதை நிறுத்தினார்கள். குயின்ஸ் பகுதியில் ஒரு பெரிய கட்டடத்தைத் தற்காலிகத் தனிமை இடமாக மாற்றி, சுமார் 500 பூனைகளை அங்கே கொண்டுபோனார்கள். கவனித்துக்கொண்டவர்கள் மேலங்கி, கையுறை, முகமூடி போட்டுக்கொண்டார்கள். நகரச் சுகாதாரத் துறை விஷயத்தை ஊருக்கே அறிவித்தது. சமீபத்தில் அங்கிருந்து பூனை வாங்கிப்போன நூற்றுக்கணக்கானவர்களைத் தேடித் தொடர்புகொண்டார்கள். சோதனையில் வைரஸ் இல்லை என்று தெரியும்வரை பூனைகளை வெளியே விடவில்லை. மிகப் பெரும்பாலான பூனைகள் பிழைத்துப் புது வீடுகளுக்குப் போயின. நோயும் அத்தோடு நின்றது.

"அவங்ககிட்ட பணம் இருக்கு டீச்சர்" என்பீர்கள். உண்மைதான். பரிசோதனைக்கும் கட்டடத்துக்கும் நிறையப் பணம் வேண்டியிருந்தது. ஆனால் அவர்கள் செய்ததில் மூன்று காரியங்களுக்குப் பணம் அவ்வளவாகத் தேவையில்லை. பூனையை வெளியே விடாமல் நிறுத்தியது. பிரித்து வைத்தது. மறைக்காமல் சொன்னது. இந்த மூன்றையும் நம்மாலும் செய்ய முடியும். நாம் செய்வதோ நேர் எதிர். நோய் நடக்கும்போதே "பாவம்" என்று புதுக் குட்டியை எடுக்கிறோம். சீக்குப் பூனையை மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டு அதே கையால் அடுத்த குட்டிக்குப் பால் ஊற்றுகிறோம். வெளியே தெரிந்தால் நன்கொடை நின்றுவிடும் என்று மூடி மறைக்கிறோம்.

பிரித்து வைப்பது நமக்குத் தெரியாத விஷயமா? நம் வீடுகளில் அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை செருகுவார்கள். அதைப் பார்த்தாலே யாரும் உள்ளே வரமாட்டார்கள். தனிப் பாய், தனித் தட்டு, தனித் துணி. மூன்று தண்ணீர் ஊற்றிய பிறகுதான் பிள்ளை வெளியே வரும். வைரஸ் என்ற வார்த்தையே கேள்விப்படாத நம் பாட்டிகள் இதைச் செய்தார்கள். பள்ளிக்கூடத்தில் எத்தனை பிள்ளைகளை நான் அம்மைக் கொப்புளத்தோடு பார்த்து, வாசலிலேயே நிறுத்தி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். உங்களில் சிலரே அப்படி அழுதுகொண்டே திரும்பிப் போனவர்கள்தான். அன்று என்னை யாரும் மனசில்லாதவள் என்று சொல்லவில்லை. உள்ளே இருக்கும் நாற்பது பிள்ளைகளுக்கும் நான்தானே பொறுப்பு?

காப்பகமும் ஒரு வகுப்பறைதான். "இப்போது இடமில்லை, மன்னியுங்கள்" என்று ஒரு காப்பகம் சொன்னால், அங்கே ஏற்கெனவே இருக்கும் உயிர்களுக்கு அது கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறது என்று பொருள். அவர்களைப் பற்றி முகநூலில் "பணம் மட்டும் வாங்குறாங்க, ஒரு குட்டியைக் கூட எடுக்க மாட்டேங்கிறாங்க" என்று எழுதுகிறோமே, அது பெரிய தப்பு. அந்த வசவுக்குப் பயந்துதான் பல பேர் வாசலைத் திறந்து வைக்கிறார்கள். என் மாணவியும் அப்படித்தான் திறந்து வைத்திருப்பாள். இரவு பத்து மணிக்கு வாசலில் பெட்டியோடு குட்டிகளை வைத்துவிட்டுப் போகிறவர்களை அவள் என்ன செய்வாள்? அதில் ஒருத்தி நான். நான் பகலில், பஸ்ஸில் போய்ச் செய்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

"அப்போ தெருவில் கிடக்கும் குட்டியை அப்படியே விட்டுட்டுப் போகச் சொல்றீங்களா?" இதுதான் கடினமான கேள்வி. தட்டிக்கழிக்க விரும்பவில்லை. வாசலை அடைத்தால் தெருவில் சில குட்டிகள் சாகும். அது உண்மை. ஆனால் நோய் நடக்கும் அறைக்குள் கொண்டுபோய் விட்ட குட்டி பிழைக்கும் என்பதும் பொய். அது மட்டும் சாகாது, இருப்பவற்றையும் கூட்டிக்கொண்டு போகும். நமக்கு இரண்டே வழிதான் என்று நினைப்பதுதான் தவறு. தெருவுக்கும் காப்பகத்துக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது. நம் வீடு. இந்தக் குழுவில் நூறு பேருக்கு மேல் இருக்கிறோம். ஒரு வீட்டுக் குளியலறையில் ஒரு தாய் ஈன்ற குட்டிகள் மட்டும் இரண்டு மாதம் இருந்தால், அங்கே நோய் வந்தாலும் அந்த வீட்டோடு நின்றுவிடும். வெளிநாடுகளில் காப்பகங்கள் குட்டிகளை இப்படித்தான் வீடு வீடாகப் பிரித்துக் கொடுத்து வளர்க்கின்றன.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். தனியாகக் கிடக்கும் குட்டியைப் பார்த்ததும் தூக்கிவிடாதீர்கள். தாய் இரை தேடப் போயிருக்கும். சில மணி நேரம் தள்ளி நின்று பாருங்கள். தாய் இருந்தால் அதைவிட நல்ல காப்பகம் கிடையாது. குட்டிகள் வளர்ந்ததும் தாய்க்குக் கருத்தடை அறுவை சிகிச்சை செய்து அதே இடத்தில் விட ஏற்பாடு செய்யுங்கள். அடுத்த ஈற்றே இல்லையென்றால் அடுத்த பெட்டியும் இல்லை. எங்கள் மாடிப்படிப் பூனைக்கு நான் அதைச் செய்தேன். ஆனால் மூன்று குட்டிகளைப் பறிகொடுத்த பிறகு.

இப்போது பணத்துக்கு வருகிறேன். குழுவில் சேரும் பணம் இந்த வரிசையில் செலவாக வேண்டும் என்பது என் கருத்து.

முதலில், இன்றே, அங்கே இருக்கும் எல்லாப் பூனைகளுக்கும் தடுப்பூசி. நோய் நடக்கும்போதும் போடலாம், போட வேண்டும். அதுவரை புதுப் பூனை ஒன்றுகூட வேண்டாம். சீக்கானவை, சீக்கோடு பழகியவை, பழகாதவை என்று மூன்றாகப் பிரிக்க வேண்டும்.

அடுத்து, ஒரு தனி அறை. பெரியதாக வேண்டாம். முக்கியக் கட்டடத்திலிருந்து தள்ளி, சிமெண்ட் தரை, கழுவி விடக்கூடிய சுவர், தனி வாசல். அந்த அறைக்கென்று தனி வாளி, தனித் துடைப்பம், தனித் தட்டு, தனிச் செருப்பு, மாட்டிக்கொள்ள ஒரு பழைய மேல்சட்டை. எந்தப் பூனை வந்தாலும் முதல் 14 நாள் அங்கேதான். ஒன்றாக வந்த குட்டிகள் ஒன்றாக இருக்கலாம். வேறு ஈற்றோடு சேர்க்கக் கூடாது. சீக்கானவற்றுக்கு இன்னொரு மூலை வேண்டும். புதிதாக வந்தவையும் சீக்கானவையும் ஒரே அறை என்றால் தனி அறை கட்டியும் பயனில்லை.

மூன்றாவது, கருத்தடைச் செலவு. நாலாவது, பூனைகளைச் சீக்கிரம் நல்ல வீடுகளுக்கு அனுப்பும் வேலை. தங்கும் நாள் குறைந்தால் கூட்டம் தானாகக் குறையும் என்று மேலே கணக்குப் போட்டோமே, அதுதான். இவையெல்லாம் முடிந்து மீதி இருந்தால் கொட்டகை போடுங்கள், நானும் வந்து பால் காய்ச்சுகிறேன்.

வேலையில் ஒரு வரிசை வேண்டும். காலையில் முதலில் நலமான குட்டிகள், பிறகு நலமான பெரியவை, பிறகு புதிதாக வந்தவை, கடைசியில்தான் சீக்கானவை. நாம் பாசத்தில் சீக்குப் பூனையிடம்தான் முதலில் ஓடுவோம். அந்த ஓட்டத்தை அடக்கிக்கொள்ள வேண்டும். வாசலில் ஒரு பலகையில் "எங்களால் நன்றாகப் பார்த்துக்கொள்ள முடிந்தது இத்தனை, இப்போது இருப்பது இத்தனை" என்று எழுதி வையுங்கள். பள்ளியில் தினமும் வருகை எண்ணிக்கையைக் கரும்பலகையில் எழுதுவோமே, அதுபோல. நன்கொடை கொடுப்பவர்கள் படத்தைப் பார்க்காமல் அந்த எண்ணைப் பாருங்கள். "இந்த மாதம் எத்தனை இறந்தது, எதனால்?" என்று கேளுங்கள். சண்டைக்காகக் கேட்க வேண்டாம், உதவிக்காகக் கேளுங்கள். மறைக்காமல் சொல்கிறவர்களுக்கு முதலில் கொடுங்கள்.

வீட்டில் பூனை வளர்க்கும் உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வீட்டில் ஒரு குட்டி இந்த நோயில் போயிருந்தால், பிள்ளைகள் அழுகிறார்கள் என்று மறுவாரமே இன்னொரு குட்டியைக் கொண்டுவராதீர்கள். வைரஸ் வீட்டில் ஒரு வருஷம் வரை காத்திருக்கும். தடுப்பூசி முழுசாகப் போட்ட பெரிய பூனையாகப் பார்த்து எடுங்கள். திடீரென்று பூனைகள் செத்தால் பக்கத்து வீட்டுக்காரரைச் சந்தேகிப்பதற்கு முன்னால் மருத்துவரிடம் காட்டுங்கள். இதை நான் அனுபவித்துச் சொல்கிறேன்.

கடைசியாக, என் மாணவிக்கு. கண்ணு, நீ ஐந்தாம் வகுப்பில் மழையில் நனைந்த ஒரு குட்டியைப் பைக்கூட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்தாய். வகுப்பு முழுக்க அது கத்தியது. நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன். உன் மனசை எனக்கு அப்போதே தெரியும். அந்தக் குட்டிகள் போனதற்குக் காரணம் உன் அன்பு குறைந்தது அல்ல. ஒரு அறை இல்லாததுதான். அந்த அறையை நாம் கட்டுவோம். சொன்ன பணத்தை எடுத்துத் தனியாக வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அங்கே வருகிறேன். எந்த மூலையில் கட்டலாம் என்று இருவரும் பார்ப்போம். செருப்பை வாசலுக்கு வெளியே விட்டுத்தான் வருவேன், உள்ளே எந்தக் குட்டியையும் தொடமாட்டேன். நீயும் அன்று யாரையும் தொட விடாதே, என்னையும் சேர்த்து.

மற்றவர்கள், யாரால் ஒரு ஈற்றுக் குட்டிகளை இரண்டு மாதம் வீட்டில் வைத்துக்கொள்ள முடியும் என்று கீழே எழுதுங்கள். முதல் பெயர் என்னுடையது. முழங்கால் வலியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
உங்கள் அஞ்சாம் வகுப்பு டீச்சர்